அத்தியாயம் 5: நாலு வங்கி ஏறி இறங்கலாம், சிபில் ஸ்கோர் இறங்காமல்

பெருங்களத்தூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வரை ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைட் பார்க்கப் போய்ப் பாருங்கள். மாடல் ஃபிளாட்டுக்குப் பக்கத்திலேயே லோன் மேஜை போட்டிருப்பார்கள். குளிர்ந்த மோர் வரும், பிரவுச்சர் வரும், அதற்குள் டேப்லெட்டோடு ஒருவர் வந்து உட்கார்வார். “எலிஜிபிலிட்டி மட்டும் பார்த்துடலாம் சார். பான் நம்பர் சொல்லுங்க, ஒரு ஓ.டி.பி. வரும்.” அந்த ஓ.டி.பி.யைச் சொல்வதற்கு முன் இந்த அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள்.

பொத்தேரியில் 50 லட்ச ரூபாய்க்கு ஒரு ஃபிளாட் பார்த்திருக்கும் தம்பதி என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு மறைமலை நகரில் வேலை, மனைவிக்கு மகேந்திரா சிட்டியில். தேவைப்படும் கடன் 40 லட்சம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள வீட்டுக்கடன் சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆக 40 லட்சம்தான் உச்சவரம்பு. இனி வரும் கணக்கெல்லாம் இவர்களை வைத்துத்தான்.

பயம் எவ்வளவு உண்மை?

“நாலு பேங்க்கில் கேட்டால் சிபில் விழுந்துவிடும்” என்று அலுவலக கேன்டீனில் சொல்வார்கள். பாதி உண்மை. நீங்களே உங்கள் ஸ்கோரைப் பார்ப்பதால் ஒரு புள்ளியும் குறையாது. கிளைக்குப் போய் வட்டி எவ்வளவு என்று கேட்பதாலும் குறையாது. உங்கள் விண்ணப்பத்தின் பேரில் வங்கி உங்கள் அறிக்கையை எடுத்தால்தான் அது ‘என்கொயரி’ என்று பதிவாகும். ஸ்கோரைத் தொடுவது அது மட்டுமே.

அதுவும் எவ்வளவு தொடும்? ஸ்கோர் கணக்கிடும் சூத்திரத்தை யாரும் வெளியே விடுவதில்லை. அமெரிக்காவின் ஃபைகோ நிறுவனம், பெரும்பாலானவர்களுக்கு ஒரு என்கொயரியால் ஐந்து புள்ளிகூடக் குறையாது என்கிறது. தவணை தவறுவதோ கிரெடிட் கார்டை வரம்பு வரை தேய்த்து வைத்திருப்பதோ செய்யும் சேதத்தோடு பார்த்தால் இது சின்ன விஷயம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் 45 நாட்களுக்குள் (ஃபைகோவின் பழைய பதிப்புகளில் 14 நாட்களுக்குள்) எத்தனை வங்கிகள் வீட்டுக்கடனுக்காக விசாரித்தாலும் அதை ஒரே விசாரணையாக எண்ணுவார்கள். அதை அப்படியே மொழிபெயர்த்து, இந்தியாவுக்கும் பொருந்தும் என்று பேசும் வீடியோக்கள் நிறைய. நம்பி இறங்காதீர்கள். நம் அறிக்கையில் ஒவ்வொரு வங்கியின் விசாரணையும் தனி வரியாகவே ஏறுகிறது, அடுத்த வங்கி அதிகாரி அத்தனை வரியையும் படிக்கிறார்.

இந்தப் பயத்தால் விசாரிக்காமலே பில்டர் காட்டிய வங்கியில் கையெழுத்துப் போடுபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். 40 லட்சம், 20 வருடம்: வட்டி 8.25 சதவீதம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 34,083 ரூபாய். 8.75 என்றால் 35,348. மாதம் 1,265 ரூபாய் வித்தியாசம். 240 மாதத்துக்கு மூன்று லட்சத்தைத் தாண்டும். சில மாதங்களில் திரும்பி வந்துவிடும் சில புள்ளிகளுக்காக மூன்று லட்சத்தை விடுவது கட்டுப்படியாகாது. ஆகவே தாராளமாக விசாரியுங்கள். பான் எண்ணை மட்டும் கடைசியில் கொடுங்கள். கீழே உள்ள வரிசை முழுவதும் அதற்காகத்தான்.

முதலில் உங்கள் அறிக்கை

குறைந்தது மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு தொடங்கினால் தவறுகளைச் சரிசெய்ய நேரம் இருக்காது.

1. அறிக்கையை நீங்களே எடுங்கள். பேச்சுவழக்கில் எல்லாமே ‘சிபில்’தான் என்றாலும் இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் (பீரோக்கள்) உள்ளன. ஸ்கோர் 300 முதல் 900 வரை. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் இருக்கும் விதி. அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்கே போங்கள். கட்டணத் திட்டம்தான் முதலில் கண்ணில் படும். இலவச அறிக்கைக்கான பொத்தான் சற்று ஒதுங்கி இருக்கும், தேடி எடுங்கள்.

2. கணவன், மனைவி இருவரும் எடுங்கள். இணைந்து விண்ணப்பித்தால் வங்கி இரண்டு பான் எண்களையும் பார்க்கும். என்கொயரி இரண்டு அறிக்கையிலும் ஏறும். சொத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரைக் கடனிலும் சேரச் சொல்வதே வங்கிகளின் வழக்கம். “அவங்க ஸ்கோர் கம்மி, அவங்களை விட்டுடலாம்” என்று கடைசி நேரத்தில் முடிவு மாற்றினால் பத்திரத்தில் பெயரையும் மாற்ற வேண்டிவரும்.

3. வரி வரியாகப் படியுங்கள். ஸ்கோர் எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவைக்கும் பழக்கம் பலருக்கு. அதற்குக் கீழே இருப்பவைதான் முக்கியம்:

- ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். 000 என்றால் தவணை தாமதமில்லை. 030, 060 என்றால் அத்தனை நாள் தாமதம்.
- ‘செட்டில்டு’, ‘ரிட்டன் ஆஃப்’ என்ற சொற்கள். பழைய கார்டு பாக்கியைப் பேரம் பேசிக் குறைத்துக் கட்டியிருந்தால் அது ‘செட்டில்டு’ என்று நிற்கும். முழுதாக முடித்த கணக்கு ‘குளோஸ்டு’ என்றுதான் இருக்க வேண்டும்.
- முடித்த பிறகும் உயிரோடு நிற்கும் கடன்கள். பைக் லோன், மிக்ஸி வாங்கிய ஈ.எம்.ஐ., எதுவானாலும்.
- நகைக்கடன். அடகு வைத்ததெல்லாம் சிபிலில் வராது என்று நினைப்பவர்கள் உண்டு. வங்கி, ஃபைனான்ஸ் கம்பெனி நகைக்கடன்கள் வரும். வட்டி கட்டாமல் தள்ளிப்போனதும் வரும். மகளிர் குழுக் கடனும் அப்படியே.
- கல்விக்கடன். எஸ்.ஆர்.எம்.மில் படித்து இந்தப் பக்கமே வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். படிப்பு முடிந்து விடுப்புக்காலம் தீர்ந்ததும் தவணை தொடங்கியிருக்கும். கடிதம் சொந்த ஊர் முகவரிக்குப் போயிருக்கும். அந்தத் தாமதம் உங்கள் அறிக்கையிலும் இணைக் கடனாளியான அப்பாவின் அறிக்கையிலும் நிற்கும்.
- நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன்.
- முகவரி, கைபேசி எண். ஏதோ ஒரு விண்ணப்பத்தில் ஏஜென்ட் தவறாக அடித்த எண் அங்கே இருக்கலாம். வங்கி உங்கள் அறிக்கையை எடுத்தால் பீரோ உங்களுக்கு எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. எண் தவறென்றால் அந்தச் செய்தி வேறு யாருக்கோ போகும்.

4. தவறு இருந்தால் உடனே புகார். அறிக்கையின் மேலே உள்ள கண்ட்ரோல் நம்பரைக் குறித்துக்கொண்டு பீரோவின் இணையதளத்திலேயே புகார் போடுங்கள். அந்தக் கடனைக் கொடுத்த வங்கிக்கும் நிலுவையின்மைச் சான்றின் நகலோடு தனியாக எழுதுங்கள். பீரோ தானாக எதையும் திருத்தாது, வங்கி சொன்னால்தான் திருத்தும். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அப்படியும் நகரவில்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன். உதவி எண் 14448.

5. கார்டு பாக்கியைக் குறையுங்கள். ஒரு லட்ச வரம்புள்ள கார்டில் 80,000 ரூபாய் நின்றால், நாள் தவறாமல் கட்டினாலும் ஸ்கோர் அடிபடும். 30,000 ரூபாய்க்குள் வைத்திருங்கள். கடைசித் தேதிக்குள் கட்டினால் போதும் என்று இருக்காதீர்கள், பில் போடும் தேதிக்கு முன்பே கட்டிவிடுங்கள். பில்லில் வரும் தொகைதான் பெரும்பாலும் பீரோவுக்குப் போகிறது. 2025 ஜனவரி முதல் வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்பியாக வேண்டும் என்பதால் பலன் முன்பைவிடச் சீக்கிரம் தெரியும்.

குறிப்பு: இதுவரை கடனே வாங்காதவர்களுக்கு ஸ்கோர் இருக்காது, அறிக்கையில் -1 என்று வரலாம். பயப்பட வேண்டாம். கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

எச்சரிக்கை: “5,000 கொடுங்க, ஒரே மாசத்துல ஸ்கோரை 800 ஆக்கித் தர்றேன்” என்பவர்களிடம் பணமும் கொடுக்காதீர்கள், ஆதார், பான் நகலும் கொடுக்காதீர்கள். சரியாக இருக்கும் பதிவைக் காசு வாங்கி அழிக்க யாராலும் முடியாது. தவறாக இருக்கும் பதிவை நீங்களே இலவசமாகத் திருத்தலாம்.

உங்களுக்கு முன்பு சொத்து பாஸாகட்டும்

இந்தப் பகுதியில் கடன் நிராகரிக்கப்படுவது சம்பளத்தாலும் ஸ்கோராலும் மட்டுமல்ல, பத்திரத்தாலும்தான். வங்கியின் நடைமுறையில் முதலில் சிபில், அப்புறம் லீகல். அதாவது உங்கள் அறிக்கையில் என்கொயரி ஏறிய பிறகுதான் வக்கீல் தாய்ப்பத்திரத்தையே கையில் எடுப்பார். அவர் “சரிவராது” என்றால் கடன் போச்சு, என்கொயரி வரி மட்டும் நிற்கும். அடுத்த வங்கிக்குப் போனால் அங்கும் ஒன்று. இந்த வரிசையை நீங்களே தலைகீழாக்கிவிட வேண்டும்.

6. ஃபிளாட் என்றால் ஏ.பி.எஃப். (புராஜெக்ட்டுக்கு வங்கி தரும் முன்ஒப்புதல்) கேளுங்கள். எந்தெந்த வங்கிகள் இந்தப் புராஜெக்ட்டை ஏற்கெனவே பரிசீலித்து ஒப்புதல் தந்திருக்கின்றன, அதன் ஏ.பி.எஃப். எண் என்ன என்று பில்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். “எல்லா பேங்க்கும் கொடுப்பாங்க சார்” என்பது பதில் அல்ல. பட்டியல் கைக்கு வந்ததும் அந்த வங்கிகளிலிருந்து மட்டும் தேர்ந்தெடுங்கள். இது பில்டருக்கு வசதியான வங்கிகளின் பட்டியலாகவும் இருக்கலாம். அதனால் வட்டியை ஒப்பிடும் வேலை இன்னும் பாக்கிதான்.

7. மனை, தனிவீடு, மறுவிற்பனை என்றால் சொந்த வக்கீல். கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் பக்கம் பழைய பஞ்சாயத்து அப்ரூவல் மனைகள் இன்னும் கைமாறுகின்றன. சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அனுமதி உண்டா? இல்லையென்றால் 2017 வரன்முறைத் திட்டத்தில் வரன்முறைப்படுத்தியிருக்கிறார்களா? அந்தத் திட்டம் 2016 அக்டோபர் 20 வரை உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான். ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்த ஊர் இது. சர்வே எண் நீர்நிலையில் விழுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 30 வருட வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். சில ஆயிரம் ரூபாய் வக்கீல் கட்டணம் இரண்டு நிராகரிப்புகளைத் தவிர்க்கும்.

8. வரைபட அனுமதியையும் கட்டடத்தையும் ஒப்பிடுங்கள். அனுமதி தரைத்தளம் பிளஸ் இரண்டு. நிற்பது தரைத்தளம் பிளஸ் மூன்று. நீங்கள் பார்ப்பது அந்த மூன்றாவது மாடி. பெரிய வங்கிகள் இதைத் தொடாது, விலகுங்கள்.

பான் கொடுக்காமல் விசாரிப்பது

இந்தக் கட்டத்தில் எத்தனை வங்கி வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். செலவு பெட்ரோல் மட்டும்தான்.

9. வட்டி அட்டவணையைக் கேளுங்கள். எஸ்.பி.ஐ., பேங்க் ஆஃப் பரோடா போன்றவை ஸ்கோரைப் பொறுத்து வட்டியை மாற்றுகின்றன. உங்கள் ஸ்கோர் ஏற்கெனவே உங்கள் கையில் இருப்பதால் இப்படிக் கேட்கலாம்:

“என் ஸ்கோர் 768. மனைவிக்கு 741. இருவரும் சம்பளக்காரர்கள். 40 லட்சம், 20 வருடம். எங்களுக்கு என்ன வட்டி? யாருடைய ஸ்கோரை எடுத்துக்கொள்வீர்கள்?”

கடைசிக் கேள்விக்கு ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு பதில் சொல்லும். இந்தத் தம்பதிக்கு முழு வித்தியாசமும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. 750 எல்லைக்கோடாக உள்ள வங்கி மனைவியின் 741ஐ எடுத்துக்கொண்டால் வட்டி ஒரு படி மேலே போகும்.

10. எல்லைக்கோட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். என்கொயரியால் இறங்கும் சில புள்ளிகள் 790இல் இருப்பவரை ஒன்றும் செய்யாது. 752இல் இருப்பவரை அடுத்த தட்டுக்குத் தள்ளிவிடலாம். சொல்லப்போனால், என்கொயரியைப் பற்றி நிஜமாகவே கவலைப்பட வேண்டியவர்கள் இப்படிக் கோட்டோரம் நிற்பவர்கள்தான். இவர்கள் ஒரே ஒரு வங்கியில் லாகின் (முறைப்படி விண்ணப்பம்) செய்வது நல்லது. முடிந்தால் கார்டு பாக்கியை இறக்கி, இரண்டு மாதம் பொறுத்து, ஸ்கோர் மேலேறிய பிறகு போவது அதைவிட நல்லது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் மாறினால் வட்டி மாறும். ஆனால் ஸ்கோரை வைத்து உங்கள் தலையில் ஏற்றிய கூடுதல் சதவீதம் தானாகக் கீழே வராது.

11. வட்டியோடு இவற்றையும் ஒரே தாளில் குறியுங்கள்: பிராசஸிங் ஃபீஸ், லீகல், வேல்யுவேஷன் கட்டணம், எம்.ஓ.டி. (பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவுச் செலவு, கட்டாயம் என்று சொல்லி விற்கும் இன்ஷூரன்ஸ், வட்டி ரெப்போவோடு இணைந்ததா, அந்த நிறுவனத்தின் சொந்த அளவுகோலா. வங்கிகளின் மாறும் வட்டிக் கடன்கள் 2019 அக்டோபர் முதல் வெளி அளவுகோலோடு இணைந்திருக்க வேண்டும். வீட்டுவசதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விளம்பரத்தில் வட்டி குறைவாகத் தெரிந்தாலும் இதைக் கேட்காமல் விடாதீர்கள்.

12. ‘இலவச ஸ்கோர்’ ஆப்களில் நின்று யோசியுங்கள். ஆப்பில் ஸ்கோர் பார்ப்பது என்கொயரி ஆகாது. ஆனால் அதற்குக் கீழே ஒளிரும் “உங்களுக்கான சலுகை” பொத்தானைத் தொட்டால் அது விண்ணப்பமாகிவிடலாம். டிக் போட்டிருக்கும் ஒப்புதல் கட்டங்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

லாகின்: எத்தனை, யார் மூலம்

13. இரண்டு இடம் போதும். மூன்று உச்சவரம்பு. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கி ஒன்று. வட்டி ஒப்பீட்டில் முதலாவதாக வந்தது இன்னொன்று. இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுங்கள். மாதத்துக்கு ஒன்றாக நான்கு மாதம் இழுத்தால் நான்கு இடத்திலும் மறுக்கப்பட்டது போன்ற தோற்றம் வரும்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அந்தத் தோற்றம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் நான்கு தகவல்: யார் விசாரித்தது, எந்தத் தேதி, எந்தக் கடன், எவ்வளவு. லோன் மேஜையில் ஓ.டி.பி. கொடுத்துவிட்டு வந்தவரின் பக்கம் இப்படி ஆகிவிடும்:

ஒரு தனியார் வங்கி – 11ஆம் தேதி – வீட்டுக்கடன் – 40,00,000
ஒரு வீட்டுவசதி நிறுவனம் – 11ஆம் தேதி – வீட்டுக்கடன் – 45,00,000
ஓர் அரசு வங்கி – 13ஆம் தேதி – வீட்டுக்கடன் – 40,00,000
ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி – 13ஆம் தேதி – தனிநபர் கடன் – 5,00,000

அதிகாரியின் கண் நேராகக் கடைசி வரிக்குப் போகும். வீட்டுக்கடன் கேட்பவர் ஏன் தனிநபர் கடனும் கேட்கிறார்? முன்பணத்துக்கே கையில் காசில்லையோ? மூன்று வீட்டுக்கடன் வரியைவிட இந்த ஒரு வரி அதிகம் கெடுக்கும். அறிக்கையின் சுருக்கத்தில் கடைசி 30 நாள், 12 மாதம், 24 மாதத்தில் எத்தனை என்கொயரி என்று எண்ணிக்கையும் போட்டிருக்கும்.

14. ஏஜென்ட்டிடம் எழுத்தில் சொல்லுங்கள். டி.எஸ்.ஏ. எனப்படும் ஏஜென்ட்டால் பயன் உண்டு. பேப்பர் வாங்க வீட்டுக்கே வருவார், அலைச்சல் மிச்சம். அவருக்குக் கமிஷன் வங்கி கொடுக்கிறது, நீங்கள் தர வேண்டியதில்லை. ஆனால் எந்த வங்கியில் முடிந்தாலும் அவருக்குக் கமிஷன் வரும் என்பதால், ஒரே ஃபைலை ஐந்து இடத்தில் லாகின் செய்யும் ஆசையும் வரும். பேப்பர் கொடுக்கும் முன் வாட்ஸப்பில் இதை அனுப்பிவிடுங்கள்:

“வணக்கம். எங்கள் ஃபைலை ____ வங்கி, ____ வங்கி இரண்டில் மட்டும் லாகின் செய்ய ஒப்புதல் தருகிறோம். வேறு வங்கியிலோ ஃபைனான்ஸ் கம்பெனியிலோ எங்கள் பான் எண்ணை வைத்துச் சிபில் பார்க்கக் கூடாது. வேறிடம் தேவைப்பட்டால் முதலில் எங்களைக் கேளுங்கள்.”

அவர் ‘ஓகே’ என்று பதில் போட்ட பிறகு பேப்பர் கொடுங்கள். நகல்களின் குறுக்கே “____ வங்கி வீட்டுக்கடனுக்கு மட்டும்” என்று பேனாவால் எழுதிக் கையெழுத்திட்டு, தேதி போடுங்கள். ஆதாருக்கு முதல் எட்டு இலக்கம் மறைத்த நகலே போதுமா என்று கேளுங்கள். ஓ.டி.பி. வந்தால் அந்தச் செய்தியில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று படித்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

15. கே.எஃப்.எஸ். வாங்கி ஒப்பிடுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் எல்லா வீட்டுக்கடனுக்கும் முக்கிய விவரத் தாள் தர வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து உண்மையான ஆண்டுச் செலவு எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். அது குறைந்தது மூன்று வேலை நாள் செல்லும். அந்த மூன்று நாளில் ஒரு வங்கியின் தாளை இன்னொரு வங்கியில் காட்டிப் பேசுங்கள். பிராசஸிங் ஃபீஸாவது குறையும். புது என்கொயரி இல்லாமல் பேரம் பேசக் கிடைக்கும் ஒரே இடம் இதுதான்.

சாங்ஷனுக்கும் டிஸ்பர்ஸ்மென்ட்டுக்கும் நடுவில்

சாங்ஷன் லெட்டர் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது பரவலான தவறு. காசோலை போடும் முன் பல வங்கிகள் அறிக்கையை மறுபடியும் எடுக்கின்றன. சாங்ஷன் பழசாகியிருந்தால் நிச்சயம் எடுக்கும்.

16. இந்த இடைவெளியில் செய்யக் கூடாதவை:

- பத்திரச் செலவுக்குத் தனிநபர் கடன். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் வீட்டு மதிப்புக் கணக்கில் சேராது. அந்தப் பணம் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். கடைசி வாரத்தில் ஆப்பில் மூன்று லட்சம் எடுத்தால் புதுத் தவணை ஒன்று கூடும், கிடைக்கும் வீட்டுக்கடன் தொகை குறையும். இந்தப் பணத்தை விசாரிக்கத் தொடங்கும் முன்பே தனியாக எடுத்துவைத்திருங்கள்.
- ஆடித் தள்ளுபடியில் புது வீட்டுக்கென்று ஃபிரிட்ஜ், ஏசி, ஈ.எம்.ஐ.யில். ஜீரோ வட்டி என்றாலும் அது கடன்தான், என்கொயரியும் உண்டு. கிரகப்பிரவேசம் முடியட்டும்.
- புது கிரெடிட் கார்டு. மால் வாசலில் பரிசுப் பையோடு நிற்பவரிடம்கூட.
- மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்து.
- வேலை மாற்றம், தவிர்க்க முடிந்தால்.

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் என்றால் பணம் கட்டம் கட்டமாகத்தான் போகும். கடைசித் தவணைப் பணம் பில்டருக்குப் போய்ச் சேரும் வரை இந்தக் கட்டுப்பாடு தொடர வேண்டும்.

மறுத்துவிட்டால்

17. மறுநாளே அடுத்த வங்கிக்கு ஓடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சொத்துதான் காரணம் என்றால் உங்கள்மேல் குறையில்லை. அதே வங்கியிலேயே வேறு சொத்து காட்டலாமா என்று கேளுங்கள். ஏற்கெனவே ஓடும் தவணைகள் அதிகம் என்றால் (மொத்தத் தவணை கைக்கு வரும் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் பெரும்பாலும் யோசிப்பார்கள்) சின்னக் கடன் ஒன்றை அடைத்துவிட்டுப் போங்கள், அல்லது தொகையைக் குறைத்துக் கேளுங்கள். ஸ்கோர்தான் காரணம் என்றால் படி 3, 4, 5க்குத் திரும்புங்கள். மூன்று மாதமாவது வேறெங்கும் விண்ணப்பிக்காதீர்கள். ஸ்கோர் பார்க்காமல் தருகிறோம் என்று வருபவர்களின் வட்டியை மேலே போட்டதுபோல் 240 மாதத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடன் வந்த பிறகு

18. இரண்டு மாதம் கழித்து அறிக்கையை மறுபடி எடுங்கள். நான்கு பீரோக்களில் இலவச அறிக்கை மிச்சமிருக்கும் ஒன்றிலிருந்து எடுக்கலாம். கடன் தொகை சரியா, இருவர் பெயரிலும் சேர்ந்திருக்கிறதா, முதல் தவணை 000 என்று விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் சம்மதம் தராத நிறுவனத்தின் என்கொயரி இருந்தால், ஏஜென்ட்டுக்கு அனுப்பிய வாட்ஸப் செய்தியின் படத்தோடு அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் பீரோவுக்கும் புகார் போடுங்கள்.

19. வட்டி குறைவென்று வேறு வங்கிக்கு மாற்ற நினைத்தால், அதுவும் புது விண்ணப்பம், புது என்கொயரி, புது லீகல், புது எம்.ஓ.டி. செலவு. மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது என்பதால் வெளியேறுவது எளிது. உள்ளே நுழைவதற்குத்தான் செலவு. ஆகவே முதலில் இப்போதைய வங்கிக்கே போய், புதுக் கடனாளிகளுக்குத் தரும் வட்டியை எனக்கும் தருவீர்களா, மாற்றுக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். ஜி.எஸ்.டி. சேர்த்துச் சில ஆயிரத்தில் முடிந்துவிட்டால் அங்கேயே இருந்துவிடுங்கள். மறுத்தால் மட்டும் படி 9இலிருந்து தொடங்குங்கள். சொத்துப் பத்திரங்களின் பட்டியலைப் பழைய வங்கியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு.